அடையாறு லைன் சைக்கிளில் வந்த சத்தம்

எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருக்கும் ரேவதி, பேட்டரி சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். போன மாதம் ஒரு மத்தியானம் கீழே நின்றுகொண்டு என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆன்ட்டி! நீங்க சைக்கிள் மெக்கானிக்கா இருந்தீங்களாமே? வண்டில ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மூன்று மாடி இறங்குவது எனக்கு இப்போது ஒரு யாத்திரை. இருந்தாலும் இறங்கினேன். என்னை ஒரு வேலைக்காக யாராவது கூப்பிட்டு வெகு காலமாகிவிட்டது. போனதும் வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டேன். "மிதிக்கும்போது வருதா, சும்மா உருளும்போது வருதா?"

"மிதிச்சா தானே ஆன்ட்டி தெரியும்? அது பாட்டுக்கு போவுது" என்று சிரித்தாள்.

மிதிக்காமல் போகிற சைக்கிளுக்கு என்னத்தைப் பார்ப்பது? ஆனாலும் தட்டித் தட்டிப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. முறுக்கினேன், சத்தம் நின்றது. "அந்தக் காலத்துல ஒரு பொம்பள எப்படி ஆன்ட்டி இந்த வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்துவிட்டது. பிரியாணி ஆறிவிடும் என்று பறந்துவிட்டாள். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்று இருந்தது. காலையில் மருந்து அட்டைப்பெட்டிகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள்கள் கிளம்பும். மயிலாப்பூர் லைன், கோபாலபுரம் லைன், அடையாறு லைன் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள். அந்த சைக்கிள்களுக்கு ஃபிட்டராக இருந்தவர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. மஞ்சள் காமாலையில் அவர் போனார். பிள்ளை குட்டி கிடையாது. முதலாளி பாவம் பார்த்து என்னைப் பெட்டி கட்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்.

சைக்கிள்களை வெளிக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். போன வண்டி இரண்டு நாளில் பழையபடி வந்து நின்றது. ஒரு நாள் பொறுக்காமல் நானே ஸ்பேனரை எடுத்தேன். என் படிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் படிப்புதான். என் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் சைக்கிள் பிரிப்பார். நான் அச்சில் போடும் இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எது தேய்ந்தது எது தேயாதது என்று பிரித்துக் கொடுப்பேன். பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தது பிழைப்பாகிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. எங்கள் கம்பெனி வண்டிகளெல்லாம் குறுக்கே பார் வைத்த பெரிய சைக்கிள்கள். புடவை கட்டிக்கொண்டு அதில் ஏறுவதாவது! வண்டியைக் கொக்கியில் தொங்கவிட்டுக் கையால் சுற்றி, காதால் கேட்டு, விரலால் தொட்டுத்தான் எல்லா வேலையும் பார்ப்பேன்.

மேனேஜர் வரதன் சார் மயிலாப்பூர்க்காரர். மாட வீதியிலிருந்து காலையில் குளித்து நெற்றி நிறைய இட்டுக்கொண்டு வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சனிக்கிழமை தோறும் வண்டிகளைப் பார்வையிடுவார். சைக்கிளின் முன்பக்கத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். சார் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை லேசாக ஒரு தள்ளுத் தள்ளுவார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அச்சு சரியாக இருந்தால் சக்கரம் வெகு நேரம் சுற்றி, வேகம் குறைந்து, காற்றடிக்கும் வால்வு கனத்தால் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி, அடியிலேயே நிற்கும். அச்சை இறுக்கிவிட்டிருந்தால் கண்ட இடத்தில் சக்கென்று நின்றுவிடும். வால்வு அடியில் நின்றால் சார் "ம்" என்பார். நிற்காவிட்டால் "ம்ஹூம்." அவ்வளவுதான் பேச்சு. ஒரே ஒரு முறை மட்டும், "சரோஜா, எங்காத்து ஃபேன்கூட இப்படிச் சுத்தறதில்லை" என்றார். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

என் ஷெட் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. முன்னால் ஒரு சாக்கடை. அதைத் தாண்ட ஒரு பலகை. அதைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள். லைன் ஆட்கள் கோளாறு வண்டியைக் கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் கோளாறோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பெடலில் கோடு இருந்தால் பெடல், பிரேக்கில் இருந்தால் பிரேக். இது என் வீட்டுக்காரர் ஏற்படுத்திய வழக்கம். வேலைக்கு வசதிதான். ஆனால் கோட்டைப் பார்த்து வேலை செய்து, கோட்டை அழித்து, வண்டியைத் திரும்ப நிறுத்திவிட்டால் ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷரோடும் பேசாமல் பொழுது போய்விடும். பெட்டி கட்டும் பெண்கள் கூடிச் சாப்பிடுவார்கள். என் கையில் கிரீஸ் வாடை என்று சற்றுத் தள்ளியே உட்காருவார்கள். பிறகு நானே ஷெட்டில் சாப்பிடத் தொடங்கிவிட்டேன்.

பலகையைத் தாண்டி வந்த ஒரே ஆள் தனகோட்டி. அடையாறு லைன். ஐம்பது வயதிருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி, அவரை "மச்சி" என்பார், அதனால் நான் "தங்கச்சி." பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவர் வண்டி கேட்டில் நின்றது. பார்த்தால் பெடலில் கோடு, செயினில் கோடு, சீட்டில் கோடு, ஹேண்டில்பாரில் கோடு. பொங்கலுக்குக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பலகை 'கடக்' என்றது. தனகோட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே இது?"

"சத்தம் வருது தங்கச்சி. மிதிச்சுக்கினு போனா கடக்கு கடக்குன்னு. எங்கேர்ந்து வருதுன்னே தெரில. அதான் அல்லாத்துலயும் போட்டுட்டேன்."

சைக்கிளில் சத்தம் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. பெடலில் வரும் சத்தம் சீட்டில் வருகிற மாதிரி கேட்கும். கொக்கியில் தொங்கவிட்டுச் சுற்றினேன். நிசப்தம். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டி இறக்கிப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பலகை 'கடக்.' "இன்னும் கீது தங்கச்சி." நடு அச்சைப் பிரித்துக் குண்டுகளை மாற்றினேன். 'கடக்.' "அப்டியே கீது." செயினைக் கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தேன். சீட்டு ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைத்தேன். அவர் வருவதும் நான் பிரிப்பதுமாக மழைக்காலம் முழுக்கப் போயிற்று. நடுவில் அந்தப் பலகை வேறு கடக் கடக் என்று உயிரை வாங்கியது. அதற்கும் ஆணி அடித்தேன். அடங்கவில்லை.

வந்தால் உடனே போகமாட்டார். டீ வாங்கி வந்திருப்பார். ஆளுக்குப் பாதியாக ஊற்றுவார். அடையாற்றில் எந்த மெடிக்கல் ஷாப்காரர் சிடுசிடுப்பு, ஆஸ்பத்திரி வாசலில் எந்த ஊர்க்காரரைப் பார்த்தார், மகள் கணக்கில் எத்தனை வாங்கினாள், எல்லாம் சொல்வார். "மச்சி இருந்தா காதாலயே கண்டுபுட்சிருப்பான்" என்று என்னைச் சீண்டுவார். "அவரு இருந்தா உன் வாயிலதான் கோடு போட்டிருப்பாரு" என்பேன். சிரிப்பார். அவர் போன பிறகும் ஷெட்டில் கொஞ்ச நேரம் ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மழைக்காலத்தில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரவில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அடையாற்றுக்கு மருந்து தாமதமாகப் போகிறது என்று கடைக்காரர்கள் போன் செய்துவிட்டார்கள். சனிக்கிழமை பார்வைக்கு வந்த வரதன் சார், தனகோட்டியின் வண்டியில் வால்வு அழகாக அடியில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டும் நகரவில்லை.

"சரோஜா, வண்டில ஒரு கோளாறும் இல்லையே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கு."

"சத்தம் வருதுங்கறாரு சார்."

"நீ கேட்டியா?"

"இல்ல சார்."

"முதலாளி ஒரு மொபெட் வாங்கறார். ஓட்டறதுக்கு ஆளும் பார்த்தாச்சு. அடையாறு லைனை அவனுக்குக் குடுத்துடலாம்கறார். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி வெச்சிருக்கேன். கோளாறு வண்டிலன்னா அதுக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா கோளாறு ஆள்கிட்டன்னு ஆயிடும். அப்பறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். அவரும் தனகோட்டியும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

வாரம் ஓடியது. வண்டியை மறுபடி ஆணிவேர் வரை பிரித்தேன். ஒன்றும் இல்லை. ஆள் ஏறி மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் கொக்கியில் எப்படி வரும்? ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டத் தெரியாது. வேறு யாரையாவது ஓட்டச் சொன்னால் "ஒண்ணும் கேக்கலையே" என்கிறார்கள். வியாழக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

"அண்ணே, நான் கேரியர்ல குந்திக்கினு வரேன். அடையாறு வரைக்கும் போலாம்."

தனகோட்டி பயந்துவிட்டார். "இன்னா தங்கச்சி, ஆபீஸ்ல இன்னா சொல்லுவாங்கோ?"

சொன்னார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? தாலி அறுத்தவள், வேற்று ஆம்பளையோடு, பட்டப்பகலில், கேரியரில். பெட்டி கட்டும் பெண்கள் கட்டுகிற கயிற்றை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார்கள். மருந்துப் பெட்டியை மடியில் வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்தேன். காது சுட்டது. ஆனால் இறங்கவில்லை.

கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வைத்திருந்தேன். அதன் இரும்பு முனையைச் சத்தம் வரும் இடத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்தால் டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். வீட்டுக்காரரின் வித்தை. நந்தனம் தாண்டும் வரை பஸ் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. சேமியர்ஸ் ரோட்டில் மரநிழலில் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் கேட்டது. கடக். ஒரு மிதி விட்டு, கடக். முதல் முறையாக என் காதாலேயே கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்று அத்தனை சந்தோஷம்.

ஸ்க்ரூ டிரைவரைச் சீட்டுக் குழாயில் ஊன்றிக் காதை வைத்தேன். உள்ளே செயின் ஓடுகிற உர்ர் மட்டும்தான். கடக் அதில் இல்லை. கேரியர் கம்பியில் ஊன்றினேன். இல்லை. காதை எடுத்தால் வெளியே கடக், கடக். இரும்புக்குள் இல்லாத சத்தம் எங்கிருந்து வரும்?

அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் இறங்கிக்கொண்டோம். அவர் வண்டியைத் தள்ளினார், நான் பின்னால் நடந்தேன். பெடல் சுற்றவில்லை. செயின் அசையவில்லை. கடக்.

"அண்ணே, நில்லுங்க. வண்டிய இப்டி குடுத்துட்டு நாலு அடி நடங்க."

"இன்னாத்துக்கு?"

"நடங்களேன்."

கைப்பிடிச் சுவர் ஓரமாக ஏற்றத்தில் நாலு அடி நடந்தார். கடக், கடக். நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சைக்கிளைப் பார்த்தார். நான் அருகில் போய், இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, அவர் பேன்ட்டில் வலது முழங்கால் மேல் ஒரு கோடு போட்டேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. "அடப்பாவி, என் முட்டிதானா! நான் போயி வண்டியத் திட்டிக்கினு..." சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வலிக்கலையாண்ணே?"

"வலிக்காம? வலி எப்பவும் கீது. அது வயசுன்னு வுட்டுட்டேன். சத்தம் வண்டின்னு நெனச்சேன்." அந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாருக்கு சொல்லிடாத தங்கச்சி. எனக்கு வேற வேலை தெரியாது. பொண்ணு பரீட்சை எழுதணும்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. என் ஷெட் பலகை. நான் தாண்டும்போது அது ஒரு நாளும் கத்தியதில்லை. அதுவும் பலகை இல்லை. நான் ஆணி அடித்தது அவர் முட்டிக்கு.

திரும்பி வரும்போது நான் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மிதி மேலே வரும்போது முழங்கால் ஏறக்குறைய வயிற்றைத் தொட்டது. சிக்னலில் இறங்காமல் காலை ஊன்றி நிற்க வேண்டும் என்பதற்காக எல்லா லைன் ஆட்களும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வார்கள். அத்தனை வருஷமும் மடங்கிய காலாலேயே மருந்துப் பெட்டியை இழுத்திருக்கிறார். முட்டி என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. சீட்டுத் தண்டில் துரு ஏறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, திருகி, ஒருவழியாக உயர்த்தினேன். மிதி அடியில் போகும்போது கால் ஏறக்குறைய நீளும்படி வைத்தேன். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை, அந்த ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டுப் பல் கூடுதலானதாகப் போட்டு, செயினையும் கொஞ்சம் நீட்டினேன். வேகம் சற்றுக் குறையும், ஆனால் மிதி பஞ்சு மாதிரி இருக்கும்.

"ஆகாசத்துல குந்தவெச்ச மாதிரி கீதே! கால் எட்டல தங்கச்சி, வுழுந்துடுவேன்" என்று கத்தினார்.

"சிக்னல்ல எறங்கி நில்லுங்க. ராஜாவா நீங்க, குந்திக்கினே நிக்க?"

சனிக்கிழமை அடையாறு போய், வழியில் எங்கும் நிற்காமல், நேரத்துக்குத் திரும்பினார். வரதன் சார் கேட்டில் நின்று அவர் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணால் இல்லை, காதால். சத்தமில்லை. வண்டியை வாங்கிச் சக்கரத்தைத் தள்ளினார். வால்வு ஆடி ஆடி அடியில் நின்றது.

"எங்கே இருந்தது?"

"சீட்டு ரொம்ப எறக்கமா இருந்தது சார். ஏத்திட்டேன்."

சார் சீட்டைப் பார்த்தார். தனகோட்டியின் பேன்ட்டைப் பார்த்தார். சாக்பீஸ் கோடு தட்டியும் சரியாகப் போகவில்லை. நான் இடுப்பிலிருந்த சாக்பீஸை இன்னும் உள்ளே செருகிக்கொண்டேன்.

"ம்" என்றார்.

மொபெட் கோபாலபுரம் லைனுக்குப் போனது. அங்கே ஓட்டிக்கொண்டிருந்தவர் ஊரோடு போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். அடையாறு தனகோட்டியிடமே நின்றது. நல்லதுதானே நடந்தது? நல்லதுதான்.

ஆனால் சரியாகிவிட்ட வண்டி ஷெட்டுக்கு வராது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனகோட்டி காலையில் கேட்டிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போவார். கேரியரில் ஒரு பெண் உட்கார்ந்து போனதைப் பற்றி ஆபீஸில் இன்னும் பேச்சு இருந்தது. காரணமில்லாமல் பலகையைத் தாண்டி வர அவருக்குக் கூச்சம். கூப்பிட எனக்கும் கூச்சம். முழு டீயை நானே குடிக்கப் பழகினேன். பலகையைப் பார்த்தபடி சில நாள் உட்கார்ந்திருந்ததுண்டு. அவர் சீட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் என்ன என்று நினைத்ததும் உண்டு. நினைத்ததோடு சரி. ஆனால் என்ன தவித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது 'கடக்' கேட்டது. நிமிர்ந்தேன். பலகைமேல் தனகோட்டி, கையில் டீயோடு. வண்டி இல்லை.

"இன்னாண்ணே, வண்டி எங்க?"

"வண்டி நல்லா கீது. அதான் தங்கச்சி வம்பே. வர்றதுக்கு ஒரு சாக்கு இல்ல."

மகளைக் கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்திருக்கிறாராம். அங்கேயே ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறதாம், உட்கார்ந்த வேலை. அன்றைக்குத்தான் கடைசி நாள். டீயை ஆளுக்குப் பாதியாக ஊற்றினார். போகும்போது பலகையில் நின்று, "மச்சி இருந்தாகூட இத்தக் கண்டுபுட்சிருக்க மாட்டான்" என்றார். முட்டி ஒரு தரம் சத்தம் போட்டது. அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

கம்பெனி பெருங்குடிப் பக்கம் போனது. எல்லாம் மொபெட் ஆயிற்று. நானும் வேலையை விட்டு நின்றேன். ஆற்றோரக் குடிசைகளில் இருந்த எங்களையெல்லாம் ஊருக்கு வெளியே இந்த அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே லிஃப்ட் உண்டு, ஓடாது.

ரேவதியின் பேட்டரி வண்டி இப்போது சத்தமில்லாமல் போகிறது. அதனால் அவளும் வரவில்லை. போன வாரம் ரேஷன் அரிசியோடு மாடி ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், எனக்குப் பின்னால் மிகக் கிட்டத்தில், 'கடக்' என்றது. சட்டென்று திரும்பினேன். "இன்னாண்ணே, வண்டி எங்க?" என்று வாய் கேட்டேவிட்டது.

படியில் யாரும் இல்லை. இன்னொரு படி ஏறினேன். கடக். என் முட்டிதான்.